பாயிண்ட் ஒன் பைலட்

சனிக்கிழமை விடிந்ததும் போன். "ஹாஃப் மூன் பே போய் டிபன் சாப்பிட்டுட்டு வரலாமா? அப்புறம், உங்க வெயிட் என்ன?" என்று ஒரே மூச்சில் கேட்கிறவர் யாரென்று சிலிக்கான் பள்ளத்தாக்குத் தமிழர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பாலோ ஆல்டோ விமான நிலையத்தில் நிற்கும் செஸ்னா 172தான் அவர் வாகனம். நாலு சீட் உண்டு. டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டால் நாலு பெரியவர்களைத் தூக்காது. வாடகை வண்டி வேறு.

சங்கடமே அந்த வாடகைதான். ஹாப்ஸ் மீட்டர் என்று ஒன்று, எஞ்சின் ஓடும் நேரத்தை ஆறாறு நிமிடமாக, பாயிண்ட் ஒன், பாயிண்ட் டூ என்று எண்ணும். மணிக்கு 150 டாலருக்குக் குறையாது. பறந்தாலும் சரி, தரையில் நின்றாலும் சரி, சிக்னலில் மாட்டிய ஆட்டோ மீட்டர் மாதிரி ஏறிக்கொண்டே இருக்கும்.

எஞ்சின் ஓடாதவரை அவரைப் போல நிதானஸ்தர் கிடையாது. இறக்கைக்கு அடியில் குனிந்து பெட்ரோலைக் குப்பியில் பிடிப்பார். நீலமாக இருக்கிறதா, அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஆயிலை அளப்பார். சீட் பெல்ட்டைக் கழற்ற நமக்கு வகுப்பெடுப்பார். "பாத்ரூம் போகணுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார். இதெல்லாம் இலவசம்.

சாவியைத் திருப்பினால் ஆளே வேறு. முன்னால் இரண்டு பயிற்சி விமானங்கள் வரிசையில் நின்றால், "பாயிண்ட் ஒன் போச்சு!" பின்சீட்டில் மகள், "அப்பா, கடல்ல அது திமிங்கிலமா? ஒரு சுத்து சுத்துங்கப்பா" என்றால், "பாயிண்ட் டூ ஆகும்மா, வீட்டுல வீடியோல பாத்துக்கலாம்." நாம் பசிபிக்கைப் பார்த்து வாய்பிளந்திருக்க, அவர் கண் அந்தச் சின்ன எண்ணில் இருக்கும். தரையிலும் இந்த வியாதி தீராது. பருப்பு வேக பாயிண்ட் ஃபோர். ஊரிலிருந்து சித்தப்பா போனில் வந்தால் பாயிண்ட் எய்ட்.

இறங்கியதும் கணக்கு. சொந்த உல்லாசத்துக்கான உரிமம் வைத்திருப்பவர் பயணிகளிடம் சம்பாதிக்கக் கூடாது, தன் பங்கைத் தானும் போட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதை நமக்குக் கிடைத்த சலுகை போல விளக்கிவிட்டு, நம் பங்கைச் சொல்வார். காரில் முக்கால் மணி நேரத்தில் போய்ச் சாப்பிட்டிருக்கக்கூடிய ஆம்லெட் அது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை: விருந்துக்குக் கூப்பிடுகிறவர் பங்கு கேட்பதாக இருந்தால், போனிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனாலும் கடலோரத்தில் மூடுபனி இறங்கிவிட்டால், மறுபேச்சில்லாமல் பாதி வழியில் திருப்பிவிடுவார். அன்று வாயிலிருந்து ஒரு பாயிண்ட் வராது. பங்கும் கேட்க மாட்டார். ஆறு நிமிடத்துக்குக் கணக்குப் பார்க்கிற மனுஷன், உயிர் விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ணுவதில்லை.

ஆகவே, அவர் கூப்பிட்டால் தைரியமாகப் போங்கள். பங்கு எவ்வளவு என்பதை மட்டும் அவர் சாவியைத் திருப்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அதற்கப்புறம் கேட்டால் அந்தக் கேள்விக்கும் மீட்டர் ஓடும்.