பேரனுக்குத்தான் தம்பி!

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் கண்காட்சி தொடங்கிவிட்டால் போதும், சென்னையில் பேரன்களின் எண்ணிக்கை மளமளவென்று கூடிவிடும். நம்பிக்கை இல்லையென்றால் சிறுவர் நூல் விற்கும் கடை எதிலாவது பில் போடும் தம்பியைக் கேட்டுப் பாருங்கள். அறுபதை ஒட்டிய வயது. மீசையில் பாதி வெள்ளை. தோளில் ஜோல்னாப்பை. கையில் ஒரு கட்டு, நடுவில் பின் அடித்த ஒல்லியான வண்ணப் புத்தகங்கள். கல்லாவை நெருங்கும்போதே, யாரும் எதுவும் கேட்காதபோதே, அவர் வாக்குமூலம் கொடுத்துவிடுவார்.

"பேரனுக்குத்தான் தம்பி."

தம்பிக்கு வேண்டியது பணம் வந்துவிட்டது என்று மேஜைமேல் இருக்கும் பெட்டி சொல்லும் அந்த ஒரு வாக்கியம்தான். பேரனா, பேத்தியா, எதிர்வீட்டு நாய்க்குட்டியா என்பதெல்லாம் அவனுக்கு வேண்டாத விஷயம். ஆனாலும் நம்மவரால் நிறுத்த முடியாது. வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "மூணாங் கிளாஸ்தான் படிக்கிறான். ஆனா கதைப் புஸ்தகம்னா சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு" என்று ஒரு பிட்டையும் போட்டு வைப்பார். அந்தப் பேரன் இருப்பது நியூஜெர்சியில். தமிழில் அவனுக்குச் சரளமாக வருவது 'தாத்தா', 'போதும்' என்ற இரண்டு சொற்கள். இவராவது தேவலை. மகனுக்கு இன்னும் பெண்ணே அமையாத நிலையில் பேரனுக்குப் புத்தகம் சேர்த்துக்கொண்டிருக்கும் தீர்க்கதரிசிகளும் நகரத்தில் உண்டு.

இரும்புக்கை மாயாவியைப் படித்தவர்களுக்குத் தெரியும்: மின்சாரம் பாய்ந்தால் ஆள் முழுசாக மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். சிறுவர் நூல் கடைக்குள் காலை வைத்ததும் நம்மவருக்கும் அதுதான் நடக்கிறது. ஆள் மறைந்துவிடுவார், பேரன் மட்டும் தெரிவான்.

அவர் புத்தகம் தேர்ந்தெடுக்கும் அழகைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கான நாவல் என்றால் பின்னட்டையைப் பார்த்து, 'ம்' என்று தலையாட்டிவிட்டு வைத்துவிடுவார். சிறுவர் நூலுக்கு நடைமுறையே வேறு. முதலில் கடைசிப் பக்கம். அங்கே 'இக்கதையினால் நாம் அறியும் நீதி' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தால் புத்தகம் எடுத்த வேகத்தில் மேஜைக்குத் திரும்பும். பொய் சொல்லாதே, பெரியவர் பேச்சைக் கேள் என்று இத்தனை வருஷம் மனுஷர்களே சொல்லிக் கேட்டாயிற்று, இனி ஒரு முயல்குட்டி வந்து சொல்லவேண்டியதில்லை என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். அடுத்து படம். யானைக் காலில் நகம் போட்டிருக்கிறதா? காக்கையின் கண்ணில் திருட்டுத்தனம் இருக்கிறதா? பிறகு பின். துருவேறிய பின் என்றால் வேறு பிரதி கேட்பார். கடைசியாக எழுத்து. இங்கேதான் முகம் மலரும். நல்ல பெரிய எழுத்து, வரிக்கு வரி தாராளமான இடைவெளி. கண்புரைக்கு ஆபரேஷன் தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருபவருக்கு இதைவிடப் பெரிய இலக்கிய நயம் கிடையாது. ஆயிரம் பக்க நாவலைப் பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டு 'வாசகன் குறைந்துவிட்டான்' என்று மேடையில் புலம்புகிறவர்கள் இந்தப் பக்கம் ஒரு நடை வந்து பார்க்கலாம்.

பேரனைக் கேடயமாகப் பிடிக்கும் இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. முன்பு இது இல்லை. 1947-ல் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய அம்புலிமாமா வீட்டுக்கு வந்தால், முதலில் அதைப் பிரிப்பவர் தாத்தா. அவர் முடித்து, மாமா முடித்து, பாட்டிக்கு யாராவது படித்துக் காட்டி, பையன்கள் கைக்கு வருவதற்குள் அட்டை நைந்திருக்கும். வேதாளம் கேள்வியைக் கேட்டு முடித்ததும், விக்கிரமன் வாயைத் திறப்பதற்கு முன்னால் திண்ணையில் ஒரு பட்டிமன்றமே நடந்துவிடும். தியாகத்தில் உயர்ந்தவன் ராஜாவா, திருடனா? தாத்தா எப்போதும் திருடன் பக்கம். ஒரு கையில் உருவிய வாள், தோளில் பிணம் என்று விக்கிரமனை வரைந்த ஓவியர் சங்கர் 2020-ல் தமது 96-வது வயதில் காலமானபோது இரங்கல் எழுதியவர்களில் பாதிப் பேர் தாத்தாக்கள். அந்தத் திண்ணையில் யாரும் பேரனைச் சாட்சிக்கு இழுத்ததாக நினைவில்லை.

இழுக்க வேண்டிய நிலையை உண்டாக்கியது பள்ளிக்கூடமாக இருக்கலாம். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. வந்த முதல் ஆளே மாயாவிதான். படம் போட்ட கதை படித்தால் பையன் உருப்படமாட்டான் என்று வாத்தியார்கள் ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டார்கள். எனவே அக்பருக்கும் அவுரங்கசீப்புக்கும் நடுவில், சரித்திரப் புத்தகத்துக்குள் மாயாவி குடியேறினார். அப்படி ஒளித்துப் படித்த பையன்தான் இன்று வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்று, ஆங்கில வர்த்தக நாளிதழை அகலமாக விரித்து, உள்ளே லக்கி லூக்கை வைத்துப் படிக்கிறான். பங்குச் சந்தைப் பக்கத்தைப் பார்த்து இப்படிக் குலுங்கிச் சிரிக்கிற மனிதரை அவர் மனைவி வேறெங்கும் கண்டதில்லை.

காமிக்ஸ் கடைக்கு மட்டும் இந்த விதி செல்லாது. லயன்–முத்து காமிக்ஸ் ஸ்டாலில் கூட்டத்தைப் பார்த்தால் பென்ஷன் வாங்க வந்தவர்களோ என்று தோன்றும். அங்கே ஒருவர்கூடப் பேரன் பெயரை எடுக்கமாட்டார். எடுத்தால் மரியாதை போய்விடும். "அந்த இதழ்ல நடுவுல நாலு பக்கம் அச்சு மங்கலா இருக்கும், உங்ககிட்ட இருக்கிறது எப்படி?" என்பதுதான் அங்கே க்ஷேமலாபம் விசாரிக்கும் முறை. வாண்டுமாமாவின் பழைய பூந்தளிர் இதழ் வைத்திருப்பவருக்கு நாற்காலி கிடைக்கும். வாண்டுமாமாவின் நிஜப் பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி, பெரியவர்களுக்கு எழுதும்போது கௌசிகன் என்று தெரிந்து வைத்திருப்பவருக்குக் காபியும் கிடைக்கும். இதழை இரவல் மட்டும் கேட்கக் கூடாது. சம்பந்தி கேட்டாலும் கிடைக்காது.

வியாதி முற்றியதற்கு அடையாளம், புத்தகத்தை வைத்து மற்றவர்களைப் பரீட்சை பண்ணத் தொடங்குவது. க்ரியா வெளியிட்ட 'குட்டி இளவரச'னைப் படித்த மறுநாள் நம்மவர் ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில், நடுவில் மேடாக ஒரு கோடு போட்டு எல்லோரிடமும் நீட்டினார். அது யானையை விழுங்கிய மலைப்பாம்பு. பெரியவர்கள் தொப்பி என்று சொல்ல வேண்டும், இவர் ஒரு புன்னகை புரிய வேண்டும், அதுதான் திட்டம். முன்பு வேலை பார்த்த கிளைக்குப் போனார். மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "இது நம்ம டெபாசிட் கிராஃப்தானே சார், மார்ச்சுல ஏறி ஏப்ரல்ல விழுந்தது" என்றார். மனைவியிடம் காட்டினார். "கவுத்து வெச்ச இருப்புச்சட்டி. அதைத் தேய்க்கச் சொல்லி நேத்தே சொன்னேனே" என்று பதில் வந்தது. தமிழ்நாட்டில் தொப்பி போடுகிறவர்கள் குறைவு என்பதை அவர் யோசிக்கவில்லை.

'டோட்டோ-சா'னைப் படித்த பிறகு ஆறு மாதம் அவரோடு பேச முடியாது. தெட்சுகோ குரோயாநாகி 1981-ல் ஜப்பானில் வெளியிட்ட புத்தகம். படித்தவர்கள் வேறு மாதிரி ஆகிவிடுவார்கள். பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறை, எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது என்பது குழந்தையின் இஷ்டம், முதல் நாள் மணிக்கணக்கில் ஒரு சிறுமி பேசுவதைப் பொறுமையாகக் கேட்கும் தலைமையாசிரியர் கோபயாஷி. நடைப்பயிற்சியில் அகப்பட்டவர்களிடமெல்லாம் இதைச் சொல்லி, "நாம பசங்களை நாசம் பண்ணிட்டோம் சார்" என்று கண் கலங்குவார். 1945-ல் குண்டுவீச்சில் அந்தப் பள்ளி எரிந்துபோன இடத்துக்கு வரும்போது குரல் நிஜமாகவே கம்மிவிடும். அப்படியே வீட்டுக்கு வந்து வீடியோ அழைப்பில் நியூஜெர்சியைப் பிடித்து, "கண்ணா, கணக்கு ஹோம்வொர்க் முடிச்சியா? முடிக்காம விளையாடப் போகக் கூடாது, சரியா?" என்பார்.

கோடை விடுமுறைக்குப் பேரன் நிஜமாகவே வந்து இறங்கிவிட்டால்தான் சிக்கல். இத்தனை வருஷம் அவன் பெயரில் வாங்கிய சொத்து அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி உறை. பையன் சிப்ஸ் தின்ற கையோடு ஒன்றை எடுக்கப்போனால் தாத்தா பாய்கிறார். "கையைக் கழுவிட்டு வாடா ராஜா!" கழுவிவிட்டு வந்தாலும் கொடுப்பதில்லை. "தாத்தா படிச்சுக் காட்டறேன்." திருவான்மியூர் தாரா புக்ஸில் வாங்கிய ஒரு புத்தகம் உண்டு. கறுப்புத் தாளில் மூன்று கோண்ட் ஓவியர்கள் வரைந்த இரவு நேர மரங்கள், ஒவ்வொரு பக்கமும் கையால் அச்சிட்டது. விலை ஸ்டிக்கரை பஸ்ஸிலேயே பிய்த்துவிட்டுத்தான் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார். அதை ஒரு கஜம் தள்ளி உட்காரவைத்துத்தான் காட்டுவார்.

ராத்திரி கதை நேரம். ரஸ்கினின் 'அப்பா சிறுவனாக இருந்தபோது'. சோவியத் நாடு இருந்த காலத்தில் அங்கேயே தமிழில் அச்சாகி, நியூ செஞ்சுரி கடைகளில் காப்பிக் காசுக்குக் கிடைத்த புத்தகம். ஓடும் காருக்கு அடியில் பந்தை உருட்டிவிட ஆசைப்படும் பையனின் கதையை எடுக்கிறார். பந்துக்கு ஒரு குரல், காருக்கு ஒரு குரல், டிரைவருக்குக் கீச்சுக் குரல். பையன் குறுக்கே கேள்வி கேட்டால் "இரு இரு, வருது" என்று அதட்டல். அடுத்த கதை. அதற்கடுத்தது. மணி பதினொன்று. அடுப்படி விளக்கை அணைக்க வந்த மனைவி வாசலில் நின்று பார்க்கிறாள்.

"ஏங்க, குழந்தை எப்பவோ தூங்கிட்டான். நீங்க யாருக்குப் படிச்சுக்கிட்டிருக்கீங்க?"

பழைய ஞாபகத்தைத் தடவிப் பார்க்கிற ஆசாமி என்று மட்டும் இவரை ஒதுக்கிவிட முடியாது. அப்படி ஒதுக்குகிறவர்கள் புதுச் சிறுவர் நூல் ஒன்றையும் புரட்டியிருக்கமாட்டார்கள். சாகித்ய அகாதமி 2010 முதல் பால சாகித்திய விருது கொடுத்துவருகிறது. நம்மவர் அந்தப் பட்டியலை மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறார். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'யைப் படித்துவிட்டுக் கீழடிக்கு பஸ் ஏறியவர் அவர். எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' படித்த அன்று மட்டும் யாரையும் பிடித்து நிறுத்திக் கதை சொல்லவில்லை. குழந்தைகளுக்கு நேரும் பாலியல் தொல்லையைக் குழந்தைக்கே புரியும்படி பேசும் நாவல் அது. முடித்துவிட்டு மகளுக்குப் போன் பண்ணி, பேத்தியை டியூஷனுக்கு யார் கூட்டிப் போகிறார்கள், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குடும்பத்தில் அதுவரை யாரும் கேட்காத கேள்விகள் அவை. அந்த வருஷம் அவர் படித்த பெரியவர்கள் புத்தகம் எதுவும் அவரை ஒரு போன்கூடப் பண்ணவைக்கவில்லை.

கூச்சம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. ஹாரி பாட்டரை இங்கிலாந்தில் பெரியவர்களும் விழுந்து விழுந்து படிக்கிறார்கள் என்று தெரிந்ததும், புளூம்ஸ்பரி பதிப்பகம் 1998-ல் அதே கதைக்குக் கறுப்பு-வெள்ளையில் ஒரு சீரியஸான அட்டை போட்டுத் தனிப் பதிப்பு கொண்டுவந்தது. உள்ளே ஒரு வரி மாற்றமில்லை. ரயிலில் கௌரவமாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் அட்டைக்குப் பின்னால் ஒளிந்தான், நம்மவர் பேரனுக்குப் பின்னால் ஒளிகிறார். செலவு நம் முறையில் குறைவு.

தமிழ்ச் சிறுவர் நூல் பதிப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் புத்தகங்களின் பின்னட்டையில் '8 வயது முதல் 12 வயது வரை' என்று ஒரு வரி போடுகிறீர்கள். அடுத்த பதிப்பில் '8 வயது முதல்' என்று மட்டும் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். எழுத்தின் அளவை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.