பட்டுவாடாப் பிரிவு

எங்கள் வீட்டில் பக்தி அம்மாவின் இலாகா. நன்றி என் மனைவியின் இலாகா. எனக்கு ஒதுக்கியிருப்பது பட்டுவாடாப் பிரிவு. வேண்டிக்கொள்வது அவர்கள், போய் நிறைவேற்றுவது நான். வேண்டிக்கொள்ளும்போது என்னை ஒரு வார்த்தை கேட்கும் வழக்கமில்லை. காலையில் காபி வருவதற்கு முன்பே உத்தரவு வந்துவிடும்.

"டேய், பழவங்காடிப் பிள்ளையாருக்கு நோக்கு ஒரு தேங்காய் பாக்கி இருக்கு. போய் ஒடச்சுட்டு வா."

"எதுக்கும்மா?"

"போன மாசம் ஜொரம் வந்துதே, டெங்குவா இருக்கப்படாதுன்னு வேண்டிண்டேன். இல்லையோன்னோ?"

இல்லைதான். வந்தது வெறும் ஜலதோஷம். ஆனால் நடக்காத விஷயத்துக்கெல்லாம் நன்றி சொல்ல ஆரம்பித்தால் அதற்கு எல்லை எங்கே? அரசாங்கக் கருவூலத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். வவுச்சர் இல்லாத செலவென்றால் இன்னும் கை நடுங்குகிறது. வராத டெங்குவுக்கு எந்த வவுச்சரை வைப்பது?

பழவங்காடியில் ஏமாற்றவும் வழியில்லை. கிழக்கேகோட்டையில் இருக்கும் அந்தப் பிள்ளையார், திருவிதாங்கூர் நாயர் படை கும்பிட்டு வந்தவர். இன்றைக்கும் கோயில் நிர்வாகம் இந்திய ராணுவத்தின் கையில். என் ஒற்றைத் தேங்காயை உடைத்துவிட்டு நிமிர்ந்தால், பக்கத்தில் ஒருவர் நூற்றெட்டு தேங்காய்க்குச் சீட்டோடு நிற்பார். அவர் வீட்டில் என்னென்னவெல்லாம் நடக்காமல் போயிற்றோ!

திருவனந்தபுரத்தில் அவநம்பிக்கையோடு குடித்தனம் நடத்துவது சிரமம். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆராட்டு என்னும் கடல் நீராட்டுக்குச் சங்குமுகம் கடற்கரைக்குப் புறப்படுகிறார். வழியில் விமான நிலையம் குறுக்கிடுகிறது. அதாவது, அவர் வழக்கமாகப் போகிற வழியில் 1932இல் விமான நிலையம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவரா சுற்றிப் போவார்? ஓடுபாதை வழியாகவே ஊர்வலம் போகிறது. திரும்பி வரும்வரை சில மணி நேரம் விமானங்கள் காத்திருக்கின்றன. விமானமே நிற்கிற ஊரில், கரமனையிலிருந்து கிளம்பும் என் ஸ்கூட்டர் எம்மாத்திரம்?

அந்த ஸ்கூட்டருக்கும் எனக்கும் உண்மையான சோதனை மாசியில்தான். ஆற்றுகால் பகவதி கோயில் பொங்காலை. மதுரையை எரித்துவிட்டுக் கொடுங்ஙல்லூர் போகிற வழியில் கண்ணகி இங்கே தங்கினாள் என்பது ஐதீகம். திருவிழா நாட்களில் அவள் கதையைத்தான் தோற்றம்பாட்டாகப் பாடுகிறார்கள். ஒன்பதாம் நாள் பொங்காலை. பெண்கள் மட்டும் தெருவில் அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவார்கள். 1997இல் 15 லட்சம் பேர் என்று கின்னஸில் ஏறியது. 2009இல் 25 லட்சம் என்று தன் சாதனையைத் தானே முறியடித்தது. இத்தனை லட்சம் பேருக்கும் செங்கல், விறகு, தென்னம்பாளைக் கொதும்பு, அரிசி, வெல்லம், தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் சுமந்து வந்து வைத்துவிட்டு ஓரமாக விலகிக்கொண்ட ஆண்களைப் பற்றி கின்னஸில் ஒரு வரி கிடையாது.

முந்தின நாளே கிள்ளிப்பாலம் பக்கம் போய் மூன்று செங்கல்லை வைத்து இடம் பிடிப்பது என் பொறுப்பு. பட்டா, பத்திரம் எதுவும் கிடையாது. மறுநாள் விடியற்காலை போனால் செங்கல் வைத்த இடத்திலேயே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரோடு அரையடி வேலித் தகராறுக்குக் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிற நான் இதைப் பார்த்து ஒவ்வொரு வருஷமும் திகைக்கிறேன். அன்றைக்கு முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் குளியலறைகள் திறந்திருக்கும். மணக்காடு வலிய பள்ளிவாசலும் வாசலைத் திறந்து பக்தைகளுக்கு இடம் கொடுக்கும்.

கோயில் அடுப்பில் மேல்சாந்தி தீ மூட்டியதும் அந்தத் தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறித் தெருத் தெருவாக நகர்ந்து வரும். கொல்லத்திலிருந்து வந்த சேச்சி கொடுக்க, என் மனைவி வாங்கி அடுத்தவளுக்குக் கொடுப்பாள். பிறகு ஒரே புகை. எல்லோர் கண்ணிலும் நீர். பக்தி எவ்வளவு, கொதும்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பாயசமும் தெரளி அப்பமும் போக, அம்மாவின் பங்காக மண்டைப்புட்டு உண்டு. தலை சம்பந்தமான வியாதிகள் தீர அதைப் படைப்பார்கள். அம்மா அதை என் பேரில்தான் படைக்கச் சொல்லி அனுப்புகிறாள். எனக்குத் தலைவலி வந்ததே இல்லை. பின்னே எதற்கு என்று நான் கேட்பதில்லை.

நிவேத்யம் முடிந்து, கரி பிடித்த பானையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்த மனைவியிடம் இந்த வருஷம் கேட்டேன்: "என்ன வேண்டிண்டே?"

"ஒண்ணும் கேக்கலை. போன வருஷத்துக்குத் தேங்க்ஸ் சொன்னேன். மிக்ஸி ரிப்பேராகாததுக்கு. இடவப்பாதி மழையிலே மாடி ஒழுகாததுக்கு. நீங்க ரிடையராகியும் ஆத்திலே சண்டை வராததுக்கு."

மிக்ஸிக்குப் பின்னால் நிற்கிறேன் என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மாடி விஷயத்தை விட மனம் வரவில்லை.

"மாடி ஒழுகாததுக்கு நான் கொத்தனாரை வெச்சுப் பூசினதுன்னா காரணம்!"

"அந்தக் கொத்தனார் சொன்ன நாளிலே வந்தானே. அது யாராலே?"

வீடு கட்டியவர்கள், பூசியவர்கள், ஒரு ஓடாவது மாற்றியவர்கள் யாராவது இதற்குப் பதில் இருந்தால் சொல்லுங்கள். நான் வண்டியை ஓட்டினேன். செங்கல்லை அங்கேயே விட்டுவிட்டோம். மாநகராட்சி அவற்றைச் சேகரித்து, ஏழைகளுக்கு வீடு கட்டக் கொடுக்கும். அந்த வீடுகளைக் கட்டுகிற கொத்தனார்களாவது சொன்ன நாளில் வர வேண்டும் என்று நானே ஒரு வேண்டுதல் வைக்கப் பார்த்தேன். பட்டுவாடாக்காரன் வேண்டிக்கொள்வது இலாகா விதிகளுக்கு முரண் என்பதால் விட்டுவிட்டேன்.

வீட்டில் அம்மா புது உத்தரவோடு காத்திருந்தாள். என் ரத்தப் பரிசோதனை முடிவு அன்று காலைதான் வந்திருந்தது.

"நோக்கு சர்க்கரை கொறஞ்சா குருவாயூர்ல துலாபாரம்னு வேண்டிண்டிருக்கேன்."

"எதாலேம்மா? வாழைப்பழமா?"

"சர்க்கரையாலே. எடைக்கு எடை."

மனைவி பானையை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்போ ரெண்டு மாசம் சாயந்தர டிபனை நிறுத்திடலாம். செலவும் கொறையும்."