மிஷினுக்கு வாத்தியாரம்மா

வா கண்ணு, உக்காரு. ஏ.ஐ. வந்து எல்லார் வேலையையும் புடுங்கிட்டுப் போயிரும்னு மொகத்தத் தொங்கப் போட்டுட்டுத் திரியறயாமா? எல்லார் வேலையையும்னு ஆருடா சொன்னது? மம்முட்டி புடிக்கறவன்கிட்ட அது இப்போதைக்கு வராது. மிஷின் வெக்கற செலவுக்கு நாம வாங்கற கூலி சல்லிசு. நம்ம வறுமைதான் நமக்குக் காவல், பாத்துக்க.

ஐ.எல்.ஓ.ன்னு உலகத் தொழிலாளர் நிறுவனம் இருக்குதல்ல, 2023-ல ஒரு கணக்குப் போட்டாங்க. பணக்கார நாடுகள்ல நூறு வேலைக்கு அஞ்சரை, மிஷினே செஞ்சு முடிச்சிரக்கூடிய வேலையாம். பரம ஏழை நாடுகள்ல ஆயிரத்துக்கு நாலு. உடனே துண்ட ஒதறித் தோள்ல போடாத. மேசையே இல்லாத ஊர்ல மேசை வேலை எப்படிப் போகும்? நம்ம நாடு ரெண்டுக்கும் நடுவுல நிக்குது.

இன்னொண்ணும் அதுலயே இருக்குது. பணக்கார நாட்டுல ஆம்பளைங்க வேலையில 2.9 சதவீதம் ஆபத்துல. பொம்பளைங்க வேலையில 7.8. மிஷினுக்கு அவிங்க மேல கோவமா? அட போடா. டைப் அடிக்க, பில் போட, போன் எடுத்துப் பதில் சொல்லன்னு குமாஸ்தா மேசையில அவிங்கள உக்கார வெச்சுட்டு, மேனேஜர் நாற்காலிய நாம வெச்சுக்கிட்டோம். வந்த மிஷின் சுளுவான வேலையாப் பாத்து எடுத்துக்குச்சு. சோறாக்கற வேலைய மட்டும் தொடமாட்டேங்குது, என்ன வெவரம் பாரு!

உன்ற தங்கச்சி நாமக்கல்ல என்ன பண்றா? படத்துல இது காரு, இது லாரி, இது ரோடு தாண்டற கெழவன்னு நாளெல்லாம் கட்டம் போடறா. டேட்டா லேபிளிங்காம். சீமையில வண்டி டிரைவரில்லாம ஓடறதுக்கு இவ வாத்தியாரம்மா. தட்சணை மட்டும் நாமக்கல் வெலை. "ஏம்மணி, பையன் படிச்சுத் தேறிட்டா வாத்தியாருக்கு என்ன சோலி?"ன்னேன். "அப்பாரு, வீட்டுக்குப் பக்கத்துலயே சம்பளம் வருதே"ங்கறா. அதும் நெசந்தான். பெங்களூருக்கு உன்னைய அனுப்பி வெச்ச உன்ற அப்பன், அவள மட்டும் பஸ் ஏத்த மாட்டேன்னுட்டானே.

உன்னைய மம்முட்டி புடிக்கச் சொல்லமாட்டேன், இடுப்புப் புடிச்சுக்கும். வேலைக்குச் சேர்ற எடத்துல, மிஷினால மிச்சமாகற பணம் ஆருக்குன்னு மட்டும் கேளு. மொதலாளி போன நோண்ட ஆரம்பிச்சா, வேற எடம் பாரு. அப்புறம், கெளம்பறதுக்கு முன்னால, தங்கச்சிக்குச் சம்பளம் ஏத்திக் கேட்டு அந்த ஏ.ஐ.கிட்டயே ஒரு மனு எழுதி வாங்கிக் குடுத்துட்டுப் போ சாமி.