வெயிலுக்கு லீவு கொடுத்த கொடைவள்ளல்

ஏறாவூரில் கூரைக்குச் சோலார் பெனல் பூட்டியவர்கள் வெளிநாட்டு விஞ்ஞானிகளைத்தான் புகழ்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் மேதையை யாரும் மதிப்பதில்லை. நான் இலங்கை மின்சார சபையைச் சொல்கிறேன்.

சாதாரண சோலார் கலத்தின் முகத்தில் மெல்லிய வெள்ளிக் கோடுகள் ஓடும். கரண்டைத் திரட்டுவது அவைதான். ஆனால் அவற்றின் நிழல் சில சதவீத வெளிச்சத்தைத் தின்றுவிடும். இந்த அநியாயம் பொறுக்காமல் அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்து லாமெர்ட்டும் ஷுவார்ட்ஸும் நேர்முனை, எதிர்முனை இரண்டையும் கலத்தின் முதுகுக்கே கொண்டுபோய், 1977இல் அதை எழுதி வெளியிட்டார்கள். இரண்டு சீப்புகளின் பற்களைக் கோத்ததுபோல் கோடுகளெல்லாம் பின்னால். முகத்திலோ ஒரு கீறலும் இல்லாத கறுப்பு. முன்பக்கம் பிறக்கும் மின்னேற்றம் நடுவழியில் தொலையாமல் முதுகுவரை வந்துசேர சிலிக்கன் படுசுத்தமாக இருக்கவேண்டும். விலை ஏறாமல் என்ன செய்யும்? ஜப்பானின் கனேகா நிறுவனம் இந்த வகைக் கலத்தில் 2017இல் விழும் வெளிச்சத்தின் 26.7 சதவீதத்தைக் கரண்டாக்கிக் காட்டியது. சீனாவின் லோங்கி 2024இல் 27.3. மயிரிழை நிழலை விரட்ட அரை நூற்றாண்டு! பாவம், பொழுதுபோகாதவர்கள்.

நம் சபைக்கு ஆய்வுகூடமும் வேண்டாம், சிலிக்கனும் வேண்டாம். 2025 சித்திரைப் புத்தாண்டு லீவில் தொழிற்சாலைகள் மூடிக்கிடக்கும், கூரைகள் கொட்டும் கரண்டை வலையமைப்பு தாங்காது என்று, ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணி வரைக்கும் பெனல்களை நிறுத்திவைக்கக் கேட்டது. ஒரே அறிவித்தல், முழு வெயிலும் மிச்சம்! லோங்கியிடம் கேளுங்கள், இப்படியொரு சாதனை உண்டா என்று. 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற திட்டத்தில் கூரைச் சோலார் பூட்ட வீடுவீடாக அழைத்தவர்கள், பகல் மிச்சத்தை இரவுக்குச் சேமிக்கப் போதிய பற்றரி வாங்கிக் காசைக் கரைக்காத சிக்கனத்தையும் சேர்த்துப் புகழவேண்டும்.

அதற்கு இரண்டு மாதம் முந்தி, பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். நாடே அணைந்தது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் என்று வலுசக்தி அமைச்சர் சொன்னார். மேலே பெனல் வெயிலில் பளபளக்க, கீழே ஃபேன் நின்றது. லைனில் கரண்ட் இல்லையென்றால், பெனல் கரண்டை வீட்டுக்கு மாற்றித் தரும் சாதாரண இன்வேட்டரும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறுபவரின் உயிருக்கான ஏற்பாடு அது, குறை சொல்லக்கூடாது. பல லட்சம் போட்டுப் பெனல் பூட்டியவரும் குப்பிவிளக்குக்காரரும் ஒரே வேர்வையில் உட்கார்ந்த அந்தச் சமத்துவத்தை எந்தக் கட்சியின் விஞ்ஞாபனமும் தந்ததில்லை.

இனிப் பெனல் வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முகத்தில் கோடில்லாத கறுப்பழகியைக் காட்டி ஏஜென்ட் 27 சதவீதம் பேசும்போது தலையாட்டிக் கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுமுன், உங்கள் தெரு ட்ரான்ஸ்ஃபோமரில் இன்னும் இடமிருக்கிறதா, பற்றரி வைக்க எவ்வளவு செலவாகும் என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.