டயர் புராணம்

சைக்கிள் கடை நடத்திய அண்ணன் தம்பி இரண்டு பேர் கண்டுபிடித்த பறக்கும் வாகனத்துக்குச் சக்கரமே கிடையாது. யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் 1903 டிசம்பரில் ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக் மணல்வெளியில் கிளப்பிய விமானம் அப்படித்தான் இருந்தது. மரத் தண்டவாளத்தில் ஓடும் சின்ன வண்டியின் மேல் அதை ஏற்றி ஓடவிட்டார்கள். இறங்கும்போது அடியில் இருந்த சறுக்குக் கட்டைகள் மணலைக் கீறிக்கொண்டு நின்றன. கடை நிறையச் சக்கரம் வைத்திருந்தவர்கள் செய்த காரியம் இது.

பின்னால் வந்தவர்கள் சக்கரம் பொருத்தினார்கள். பொருத்திய கையோடு அதற்காக வெட்கப்படவும் தொடங்கினார்கள். காற்றில் இழுக்கிறது, வேகத்தைத் தின்கிறது என்று அதன் மேல் ஆயிரம் புகார். முதலில் உறை மாட்டி மூடினார்கள். 1930களில் காலையே மடக்கி வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும் வித்தை பரவியது. இப்படி உலகத்து எஞ்சினியர்கள் எல்லாம் சக்கரத்தை எங்கே ஒளிப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, அலாஸ்காக்காரர்கள் மட்டும் நேர் எதிர்த் திசையில் போனார்கள். விமானத்தைவிட டயர்தான் முதலில் கண்ணில் படும் என்கிற அளவுக்கு அதை ஊதிப் பெருக்கினார்கள். அந்தத் திருப்பணியின் தல வரலாறு இது.

தபால் வந்தது, குப்புற

அலாஸ்காவை 1867இல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கிய அமெரிக்கா, சாலை போட மறந்துவிட்டது. குளிர்காலத்தில் நாய் வண்டிதான் கதி. கார்ல் பென் ஐல்சன் என்ற விமானி, தபாலை நான் கொண்டுபோகிறேன் என்று முன்வந்தார். 1924 பிப்ரவரியில் ஃபேர்பேங்ஸிலிருந்து மெக்ராத் ஊருக்கு, நாய்கள் வாரக்கணக்கில் இழுக்கும் தூரத்தை, மூன்று மணி நேரத்துக்குள் கடந்து தபாலைச் சேர்த்தார். போனது சரித்திரம். திரும்பி வந்தது வேறு கதை. வழி தவறி, இருட்டிய பிறகு ஃபேர்பேங்ஸ் வந்து சேர்ந்தார். ஊர் ஜனம் தீ மூட்டி வெளிச்சம் காட்டியது. விமானம் இறங்கி, மூக்குக் குப்புறக் கவிழ்ந்தது. ஜனம் கைதட்டியது. சில மாதங்களில் இப்படி உடைந்த கணக்கு கூடிப்போக, தபால் துறை கும்பிடு போட்டு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. நாய்கள் மறுபடி வேலைக்குத் திரும்பின.

அலாஸ்கா கற்ற முதல் பாடம் இது. பறப்பது பெரிய விஷயம் அல்ல. இறங்க இடம் வேண்டும்.

இறங்க இடமே வேண்டாம் என்று அடுத்து வந்தவர் பாப் ரீவ். 1930களில் வால்டீஸ் துறைமுகத்தில் கடை விரித்தார். அவருக்கு மலைமேல் இருந்த தங்கச் சுரங்கங்கள்தான் வாடிக்கை. சுரங்கங்கள் பனியாற்றின் மேல் இருந்தன. அங்கே இறங்க விமானத்துக்குப் பனிச்சறுக்குப் பலகை கட்ட வேண்டும். கோடையில் மேலே பனி இருக்கும், கீழே வால்டீஸில் இருக்காது. சறுக்குப் பலகையோடு எங்கிருந்து கிளம்புவது? கடல் உள்வாங்கியதும் பளபளவென்று கிடந்த சேற்றைப் பார்த்தார் ரீவ். சேறும் வழுக்கத்தானே செய்கிறது! சேற்றிலிருந்தே கிளம்பினார், சேற்றிலேயே வந்து இறங்கினார். பலகையின் அடியில் சேறு ஒட்டாமலிருக்க எவர்சில்வர் தகடு தேவைப்பட்டது. அதை எங்கிருந்து எடுத்தார் என்கிறீர்கள்? மூடிக் கிடந்த சாராயக் கடையின் மேடையிலிருந்து. அதுவரை அந்த எவர்சில்வர் குடிமக்களைத்தான் சறுக்கி விழச் செய்துகொண்டிருந்தது.

தன் கொட்டகை மேலே, 'நாங்கள் மெதுவானவர்கள், நம்பத் தகாதவர்கள்' என்ற பொருளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார் ரீவ். விளம்பரத்தில் உண்மை பேசிய ஒரே விமானக் கம்பெனி அதுவாகத்தான் இருக்கும். 1937இல் மலையேறிகள் பிராட்ஃபோர்ட் வாஷ்பர்னையும் பாப் பேட்ஸையும் லுகேனியா மலை அடிவாரத்தில் வால்ஷ் பனியாற்றின் மேல் கொண்டுபோய் இறக்கினார். இறங்கியதும் இளகிய பனியில் விமானம் புதைந்துவிட்டது. நாள்கணக்கில் போராடித் தோண்டி, சுமையெல்லாம் இறக்கிப் போட்டு, தனியாகக் கிளம்பித் தப்பினார் ரீவ். மலையேறிகள் இருவரும் சிகரத்தைத் தொட்டுவிட்டு, திரும்ப வாகனம் இல்லாமல், நூறு மைலுக்கு மேல் நடந்தே ஊர் சேர்ந்தார்கள். டிக்கெட்டில் திரும்பும் பயணம் அடங்காது என்பதைச் சின்ன எழுத்தில் கூடப் போடவில்லை.

761 டாலர் கம்பெனி

இந்தப் பக்கம் இப்படி இருக்க, பென்சில்வேனியாவில் ஒரு பங்காளிச் சண்டை நடந்தது. சி. ஜி. டெய்லர் என்பவர் ஏழைக்கு எட்டும் விமானம் ஒன்றை வரைந்தார். 1930இல் அதில் 'டைகர் கிட்டன்' என்ற 20 குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்தி ஓடவிட்டார்கள். பெயரில் இருந்த புலி காலில் இல்லை. விமானம் தரையை விட்டுச் சில அடி எழும்புவதற்குள் ஓடுபாதை தீர்ந்துபோயிற்று. சீக்கிரமே கம்பெனியும் தீர்ந்து திவாலானது. ஏலத்தில் மொத்தச் சொத்தையும் 761 டாலருக்கு எடுத்தார் வில்லியம் பைப்பர் என்ற எண்ணெய்க் கிணற்று வியாபாரி. விமானத்தைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. அதனால்தான் வாங்கினார் என்று நினைக்கிறேன்.

டெய்லரையே தலைவராக வைத்துக்கொண்டார் பைப்பர். டெய்லர் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த சமயம், வால்டர் ஜாமுனோ என்ற இளம் எஞ்சினியர் விமானத்தின் கூரான முனைகளை எல்லாம் மழமழவென்று வளைத்துவிட்டார். எழுந்து வந்து பார்த்த டெய்லர் அவரை வேலையை விட்டுத் தூக்கினார். பைப்பர் திரும்ப எடுத்தார். டெய்லர் கோபித்துக்கொண்டு வெளியேறி, தன் பெயரிலேயே வேறு கம்பெனி தொடங்கினார். 1937இல் தொழிற்சாலையில் தீ. பைப்பர் லாக் ஹேவன் ஊரில் கைவிடப்பட்ட ஒரு பட்டு நெசவாலையைப் பிடித்துக் கடையை அங்கே மாற்றினார். இத்தனை ரகளைக்கு நடுவில் பிறந்ததுதான் மஞ்சள் நிற 'ஜே-3 கப்'. 1947 வரை ஏறத்தாழ 20,000 விமானங்கள். இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே துணி. 1949இல் அதன் வாரிசாக வந்த 'சூப்பர் கப்' மெதுவாகப் பறந்தாலும் விழாது, குட்டை இடத்தில் எழும்பும், உடைந்தால் வெல்டிங் பற்ற வைத்து, துணி ஒட்டி மறுபடி பறக்கலாம். அலாஸ்காவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒன்றே ஒன்று குறைந்தது. டயர் ரொம்பச் சின்னது, சுமார் 19 அங்குல விட்டம்தான். ஆற்றங்கரைக் கூழாங்கல்லுக்கும் மேடுபள்ளமான துந்திராப் புல்லுக்கும் அது எந்த மூலைக்கு?

காத்து எவ்வளவு சார்?

ஆரம்பத்தில் பெரிய விமானங்கள் கழித்துப் போட்ட டயர்களைத் தேடிப் பிடித்து மாட்டினார்கள். பிறகு இதற்கென்றே டயர் செய்யும் கம்பெனிகள் வந்தன. இன்று 'அலாஸ்கன் புஷ்வீல்' என்ற பெயரில் 31 அங்குலம், 35 அங்குலம் எல்லாம் கிடைக்கின்றன.

இதில் மந்திரம் டயரின் உயரத்தில் பாதி, காற்றில் பாதி. பெட்ரோல் பங்கில் நம் காருக்கு 30 பாயிண்ட் காத்து அடிக்கிறோம். இங்கே எட்டுப் பாயிண்ட் போதும். கணக்கு எளிது. சூப்பர் கப் முழுச் சுமையோடு 1,750 பவுண்டு. 30 பாயிண்டில் இரண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் இடம் 58 சதுர அங்குலம். எட்டுப் பாயிண்டில் அதே டயர்கள் 219 சதுர அங்குலத்துக்குத் தொப்பை சரிந்து உட்காரும். கல்லைப் போர்த்திக்கொண்டு போகும், மணலில் புதையாது. காற்று குறைந்தால் டயர் விளிம்பிலிருந்து நழுவிச் சுற்றும். உள்ளே டியூப் இருந்தால் அதன் வால்வு அறுந்துபோகும். ஆகவே புஷ்வீலில் டியூபே வைக்காமல், வால்வை டயரின் பக்கவாட்டிலேயே பதித்துவிட்டார்கள்.

டயர் மாற்றுவது அரை நாள் வேலை என்று ஆரம்பித்தவன் கதியைக் கேளுங்கள். டயர் கனம், அதனால் கால்களைப் பலப்படுத்த வேண்டும். காலைத்தான் தொடுகிறோமே, மூன்று அங்குலம் நீட்டிவிடலாம். டயர் பெருத்ததால் பழைய பிரேக்கின் பிடி பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சும், அதனால் புது பிரேக். முன்பக்கம் உயர்ந்ததால் வால் சக்கரமும் பெருக்க வேண்டும். இத்தனை கனத்தைத் தூக்க 180 குதிரைத்திறன் எஞ்சின். அதற்கு நீளமான விசிறி. இப்போது விமானம் ரொம்பக் கனம். எனவே இருக்கை மெத்தை, உள் அலங்காரம், பெயிண்ட் என்று சுரண்டி எடுத்துக் கனம் குறைக்க வேண்டும். கடைசியில் பழைய விமானத்தில் மிஞ்சியது பதிவு எண் மட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரசாங்க அனுமதிப் பத்திரம் தனி. அதையும் ஏற்றினால் விமானம் எழும்பாது.

இவ்வளவு செலவழித்து வாங்கிய டயர், தார் ரோட்டில் ஓடினால் அழி ரப்பராகத் தேய்ந்துவிடும். அதனால் இந்த ஆசாமிகள் நல்ல ஓடுபாதை இருந்தால் அதை விட்டுப் பக்கத்துப் புல்லில் இறங்குகிறார்கள். தைரியம் முற்றியவர்கள் ஆற்று நீரின் மேல் டயரைத் தேய்த்துச் சறுக்கி, அந்த வேகத்தில் மணல்திட்டில் ஏறி நிற்கிறார்கள். ரைட் சகோதரர்கள் சறுக்குக் கட்டையோடு திருப்திப்பட்டது தப்பே இல்லை.

மான் பார்க்கப் போனவர்கள்

எங்கும் இறங்கலாம் என்றானதும் வேட்டைக்காரர்கள் வராமல் இருப்பார்களா? மேலிருந்து மூஸ் மானைப் பார்ப்பது, பக்கத்தில் இறங்குவது, சுடுவது என்று ஆரம்பித்தார்கள். அலாஸ்கா அரசு சட்டம் போட்டது: பறந்த அன்று சுடக் கூடாது, மறுநாள் அதிகாலை 3 மணி வரை காத்திருக்க வேண்டும். மானுக்குத் தூங்கிப் பழகிய நேரம் அது.

மான் சும்மா இருக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே தாழ்வாக, மெதுவாக வட்டமடித்தவர்கள் வேகம் இழந்து தரையில் குத்தினார்கள். இதற்கு 'மூஸ் ஸ்டால்' என்றே பெயர் வந்துவிட்டது. 1995இல் விபத்து ஆய்வு வாரியம், இந்தப் பெரிய டயரால்தான் விமானம் விழுகிறதோ என்று சந்தேகப்பட்டு, பறக்கவிட்டுச் சோதிக்கும்படி விமானத் துறைக்குப் பரிந்துரைத்தது. சோதித்துப் பார்த்தார்கள். டயரின் மேல் பெரிய குற்றம் எதுவும் ருசுவாகவில்லை. மானும் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. மிச்சம் இருந்தவர் விமானி ஒருவர்தான்.

ஒன்பதடி ராஜாக்கள்

ரீவ் சேற்றில் வழுக்கிய அதே வால்டீஸில் இப்போது ஒவ்வொரு மே மாதமும் திருவிழா. யார் குட்டையாக எழும்பி, குட்டையாக இறங்குவது என்று போட்டி. 2018இல் டான் ரெனால்ட்ஸ் இறங்கி நின்ற தூரம் 9 அடி 5 அங்குலம். ஆட்டோ திரும்பக்கூட அந்த இடம் பத்தாது. 2023 மார்ச்சில் போலந்து விமானி வூகாஷ் செப்பியேலா, துபாய் புர்ஜ் அல் அராப் ஹோட்டலின் உச்சியில், 212 மீட்டர் உயரத்தில், 27 மீட்டர் அகல ஹெலிகாப்டர் தளத்தில் ஒரு கார்பன் கப் விமானத்தை இறக்கினார். அதற்கு முன் தரையில் 650 தடவை பழகியிருந்தார். அறை வாடகை கேட்டார்களா என்று தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் சிகரம் யூட்டாவின் மைக் பேட்டி. போலந்தில் செய்த வில்கா என்ற விமானத்தை வாங்கி, 680 குதிரைத்திறன் டர்பைன் எஞ்சின், ராட்சத டயர், யானையே விழுந்தாலும் தாங்கும் கால்கள் என்று மாற்றி 'டிராகோ' என்று பெயர் வைத்தார். மலை, ஆறு, பாலை, பாறை எதிலும் இறங்கும். 2019 செப்டம்பரில் ரினோ நகரில், அகலமான, நீளமான, தார் போட்ட, சகல வசதியும் கொண்ட ஓடுபாதையிலிருந்து பலத்த குறுக்குக் காற்றில் கிளம்பியபோது அது நொறுங்கியது. உள்ளே இருந்த யாருக்கும் காயமில்லை. அந்தக் காற்றில் கிளம்பியது தன் தப்புதான் என்று மறைக்காமல் வீடியோவில் சொன்னார் பேட்டி. இந்தப் புராணத்தில் வரும் அத்தனை பேரிலும் அவரே பெரிய மனுஷர்.

நூறு வருஷ அனுபவத்தின் தீர்ப்பு இதுதான். எந்த இடத்தில் இறங்குவது என்பதை டயர் பார்த்துக்கொள்ளும். எந்த நாளில் கிளம்பாமல் இருப்பது என்பதை விமானிதான் பார்க்க வேண்டும். அதற்கு இன்னும் எந்தக் கம்பெனியும் 31 அங்குலத்தில் ஒன்று செய்யவில்லை.