நாஞ்சில் நாட்டு ஒழுக்கியல்: ஓர் அறிமுகம்

கூரை வழியாக நீர் ஏன் இறங்குகிறது என்பது பற்றிப் பொறியாளர்கள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். இறங்கிய நீரைப் பற்றி வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்லி, அவரை அசைத்து, ஒரு கொத்தனாரைக் கூரை மேல் ஏற்றுவது எப்படி என்ற கேள்வியை அவர்கள் தொடவில்லை. முன்னது இயற்பியல், சுலபம். பின்னதையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

ஆய்வுக் களம் நாகர்கோவில். வடசேரி, வடிவீஸ்வரம், கோட்டாறு பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளும், அவற்றின் புறவாசலில் பிற்காலத்தில் ஒட்டவைத்த கான்கிரீட் அறைகளும் கணக்கில் கொள்ளப்பட்டன. ஒழுகினசேரி வேண்டுமென்றே விலக்கப்பட்டது. பெயரைப் பார்த்தே முடிவுக்கு வந்துவிட்டோம் என்ற பழி வேண்டாம்.

இந்தத் துறை குமரி மாவட்டத்தில்தான் செழிக்க முடியும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தை நம்பிப் பிழைக்கிறது. நமக்கோ ஜூனில் தென்மேற்கு, பழையவர்கள் சொல்லும் இடவப்பாதி; அது ஓய்ந்து துணி காயுமுன் அக்டோபரில் வடகிழக்கு. தையிலும் மாசியிலும் கொஞ்சம் வெயில் பார்க்கலாம். ஆகவே "மழ விடட்டும், பாப்போம்" என்ற வாக்கியம் சென்னையில் சில வாரங்களுக்குச் செல்லும் என்றால் இங்கே ஆண்டின் பெரும்பகுதிக்குச் செல்லும். அந்த வாக்கியத்தில் உண்மை இல்லாமலும் இல்லை. பாசி பிடித்த ஓட்டின் மேல் கால் வைத்தால் ஒன்றை மாற்றப் போய் மூன்று உடையும். ஈரக் கான்கிரீட்டில் பூசிய கலவை பிடிக்காது. மழை விட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் கோளாறு. தையில் போய்ச் சொன்னால் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்க்கிறார். "எங்க ஒழுகுது? காட்டு பாப்போம்." காட்ட முடியாது. அந்த நேரம் பார்த்து நம்மூர் நல்ல கொத்தனார்கள் கூலி கூடுதல் என்று கேரளத்துக்குப் போயிருப்பார்கள்.

முதலில் அளவை. பியூஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1805-இல் காற்றைத் தரம் பிரித்தபோது காற்றை அளக்கவில்லை. காற்றில் கப்பலின் பாய் படும் பாட்டை வைத்துச் சுழியம் முதல் 12 வரை எண் கொடுத்தார். அதே நெறியில் ஒழுக்கைக் கீழே வைக்கும் பாத்திரத்தால் அளப்பதே சரி. செம்பு நிலையில் வீட்டில் யாரும் கவலைப்படுவதில்லை. சொட்டும் ஓசைக்குத் தூக்கம் கூட நன்றாக வரும். போணி நிலையில் கட்டில் நகர்கிறது. சருவம் நிலையில் குடும்பத்தில் ஒருவர் இரவு விழித்திருந்து கொட்ட வேண்டும். குட்டுவம் நிலை என்பது கல்யாணத்துக்கு வாங்கி அடுக்களையில் வைத்த பாத்திரம் மங்களாவுக்கு, அதாவது கூடத்துக்கு, வந்துவிட்டதைக் குறிக்கும். குட்டுவத்துக்கு மேல் பாத்திரம் இல்லை, அளவையும் இல்லை. வீட்டுக்காரர்கள் இந்த அளவையை ஏற்பதில்லை. அவர்களிடம் இரண்டே நிலைகள்தான்: "லேசா ஒரு ஈரம்", "ஓட்டு வீடுன்னா அப்படித்தான்".

இனி இலக்கணத்துக்கு வருவோம். பாலை நீங்கலாக நால்வகை நிலமும் உள்ள மாவட்டம் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். மராமத்துக்குக் காத்திருப்பது எந்தத் திணை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐயமின்றி முல்லை. பெரும்பொழுது கார். சிறுபொழுது மாலை, அதாவது இடிமழை தொடங்குவதும் கொத்தனார் கைகால் கழுவிவிட்டு வீட்டுக்குப் புறப்படுவதும் ஒன்றாக நிகழும் வேளை. உரிப்பொருள் இருத்தல். கார் தொடங்குமுன் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனவர் வரவில்லை, கார் வந்துவிட்டது. தலைவி வாடுவதற்குப் பதிலாக இங்கே சுவர் பூக்கிறது.

சங்கப் பாட்டில் இந்த இடத்தில் தோழி ஒரு பொய் சொல்வாள். இது உண்மையான கார்காலமே இல்லை, காலம் தப்பிய மழை, அறியாத கொன்றை அதை நம்பிப் பூத்துவிட்டது, சொன்ன பருவம் இன்னும் வரவில்லை என்பாள். ஈராயிரம் ஆண்டுக்குப் பின் அதே வாதம் சிறிதும் மாறாமல் வீட்டுக்காரர் வாயில் வாழ்கிறது.

"அண்ணாச்சி, ராத்திரி மங்களா முழுக்க ஒழுக்கு."

"அது புயல் மழைல்லா தம்பி. சாதா மழைக்கு நம்ம வீடு ஒழுகாது. ஒக்கிக்கே ஒரு சொட்டு விழல்ல, கேட்டியா?"

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்து ரப்பரையும் வாழையையும் மின்கம்பத்தையும் சாய்த்துப் போட்டபின், இம்மாவட்டத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு நிரந்தரச் சாட்சி கிடைத்துவிட்டது. அதற்கு மேற்பட்ட மழை வந்தால் அது மழைக் கணக்கில் சேராது. கீழ்ப்பட்ட மழைக்கு ஒழுகினால் நாம் பொய் சொல்கிறோம்.

தூது போகிறவர்களை மருதத்தில் வாயில்கள் என்பார்கள். நமக்கும் வாயில்கள் உண்டு. புரோக்கர் பயனில்லை, கமிஷன் வாங்கிய அன்றோடு அவருக்கு நம் முகம் மறந்துவிடும். பக்கத்து வீட்டு மாமா பேசுவார், ஆனால் தன் மதில் பக்கம் சாய்ந்து நிற்கும் உங்கள் வீட்டு முருங்கையைப் பற்றிப் பேசிவிட்டு வருவார். வலிய வாயில் வீட்டுக்காரரின் மனைவிதான். பல வீடுகள் அவர் சீதனமாகக் கொண்டுவந்தவை. "அக்கா, உங்க அம்மை தந்த வீடு, கழுக்கோலெல்லாம் இத்துப்போகுது" என்று ஒருமுறை சொன்னால், அண்ணாச்சிக்கு வீட்டில் ஏற்படும் நிலை நம் நிலையைவிட மோசமாகும். இங்கே கவனிக்க வேண்டியது: நம் பிள்ளை நனைந்து இருமுவதைச் சொல்லவில்லை. கூரை தாங்கும் கழுக்கோலைச் சொன்னோம்.

அண்ணாச்சியைக் குறை சொல்லிப் பயனில்லாத வகையும் உண்டு. வீடு அவருடையதாகவே இராது. தங்கச்சி மும்பையில், தம்பி துபாயில், பாகப்பிரிவினை இன்னும் முடியவில்லை. நான் கைவைத்தால் செலவு யார் தலையில் என்பார். இதற்கு வரலாறு இருக்கிறது. மருமக்கள் வழிச் சொத்தில் எல்லோருக்கும் பங்கு, ஆட்சி மட்டும் குடும்பத் தலைவரான காரணவருக்கு என்று இருந்த நாளில் காரணவர்கள் அடித்த கூத்தைத்தான் கவிமணி மான்மியமாகப் பாடினார். 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து வழி மாறியது. சொத்து பிரிந்தது; கூரை பிரியவில்லை. பல பேருக்குச் சொந்தமான கூரை எந்தப் பேரையும் நனைப்பதில்லை. உரிமை ஒருவருக்கு, மராமத்து இன்னொருவருக்கு என்று ஒழுங்காக நடக்கும் கட்டடம் எனக்குத் தெரிந்து மாவட்டத்தில் ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது பத்மநாபபுரம் அரண்மனை நம் எல்லைக்குள் வந்தது, பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையிடம் நின்றது. இன்றும் அந்த ஓட்டுக்கூரையை அவர்கள்தான் பார்க்கிறார்கள். வாடகைக்குக் கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இதைத் தெளிவாகவே பிரித்திருக்கிறது. கட்டடத்தின் பெரிய பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பாடு. குழாய் வாசர், சுவிட்ச், பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பாடு. குளியல் தொட்டியின் பழுதும் நம் பாடுதான். கோட்டாறில் குளியல் தொட்டியோடு வாடகைக்கு வீடு பார்த்தவர்கள் கட்டாயம் கவனிக்கவும். வீட்டுக்காரர் மறுத்தால் நாமே பழுது பார்த்து வாடகையில் கழிக்கலாம், ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. குடியிருக்கவே முடியாத நிலை, எழுதிக் கேட்டும் பலனில்லை என்றால் 15 நாள் நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். 1882-இன் சொத்து மாற்றுச் சட்டம் இன்னும் தாராளம்: செலவை வட்டியோடு கழிக்கச் சொல்கிறது.

எல்லாம் சரி. நாகர்கோவிலில் பாதிப் பேர் ஒத்திக்கு இருக்கிறார்கள் என்று தோன்றும் அளவுக்கு ஒத்தி பரவியிருக்கிறது. சில லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. இல்லாத வாடகையில் பாதியைக் கழித்து ஒருவர் எத்தனை ஓடு வாங்கலாம் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். வட்டியும் உண்டு. எழுத்தில் கேட்பது அதைவிடச் சிக்கல். தினமும் நாகராஜா கோயிலில் எதிரே வந்து "என்ன தம்பி, சாப்பாடாச்சா?" என்று கேட்கும் மனிதருக்குப் பதிவுத் தபால் அனுப்பினால் அது போர்ப் பிரகடனம். அதனால் குடியிருப்போர் வாட்ஸப்பில் ஒழுக்கைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வருகிறது. மறுநாள் காலை முக்கடலில் சூரியன் உதிக்கும் படமும் வாழ்க்கைத் தத்துவமும் வருகின்றன. கட்டைவிரலைச் சம்மதமாகக் கொண்டு கொத்தனாரை வரவழைத்தவர்கள் கூலியைத் தாங்களே கொடுத்திருக்கிறார்கள்.

இவற்றிலிருந்து எமது கோட்பாடு. ஒழுக்கு குடியிருப்பவன் தலையில் விழும்வரை அதன் பெயர் மழை. வீட்டுக்காரரின் பொருள் மேல் விழுந்தால்தான் அது ஒழுக்கு. ஆகவே நம் வேலை வேண்டுவதன்று, இடம் மாற்றுவது. நீர் விழும் இடத்தை அல்ல, நீர் விழுகிறது என்ற கவலையை. தேக்கு உத்திரம் என்று சொல்லிப் பாருங்கள், கறையான் என்று சொல்லிப் பாருங்கள். எல்லாவற்றையும்விட விரைவாக வேலை செய்வது மின்சாரம். நீர் மீட்டர் பலகை வரை வந்து, மின்வாரியத்து ஊழியர் அண்ணாந்து பார்த்து, "இதச் சரி பண்ணாம லைன் குடுக்க முடியாது" என்று சொன்ன அன்றைக்கு, கொட்டும் மழையில், பாசி பிடித்த ஓட்டின் மேல், கேரளத்துக்குப் போயிருந்த அதே கொத்தனார் நிற்பதைக் காணலாம். மழை விட வேண்டியதில்லை என்பது அப்போது தெரியும்.

இக்கோட்பாடு செல்லாத இடம் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் மாடியில் குடியிருக்கும் கான்கிரீட் வீடு. அங்கே கூரையிலிருந்து சொட்டுவது வானத்து நீரன்று. விடிகாலை ஐந்தரை மணிக்கு, சோப்பு மணத்தோடு, இளஞ்சூடாக, நம் அடுக்களையில் தோசைக்கல்லின் மேல் இறங்குவது. புயலைச் சொல்ல முடியாது, பருவத்தைச் சொல்ல முடியாது. குழாய் வீட்டுக்காரர் பாடு என்று சட்டமும் சொல்லிவிட்டது. எல்லாச் சான்றும் நம் பக்கம். அவர் படியில் இறங்கி வந்து, ஈரத்தலையைத் துவர்த்தால் துடைத்துக்கொண்டே கேட்கிறார்: "அதுக்கு நான் குளிக்காம இருக்க முடியுமா, தம்பி?"

இக்கேள்விக்கு இத்துறையில் இன்னும் விடை காணப்படவில்லை.