சர்வர் மாறட்டும், கணக்கு மாறலாமா?

ஜவுளிக்கடைக்காரர், சுவால்பேட்டை, அரக்கோணம்
கே: புது சர்வர் வந்தாச்சு. பழசை எப்போது எடைக்குப் போடலாம்?
ப: புதுசில் ஒரு மாதக் கணக்கு முழுசாக முடிந்த பிறகு. எடைக்காரர் தரும் காசு, ஒரு நாள் பில் போட முடியாத நஷ்டத்துக்குக் காணாது.

மளிகை மொத்த வியாபாரி, சோளிங்கர்
கே: காப்பி எடுக்கும் வேலைதானே? ஒரே ராத்திரியில் முடியாதா?
ப: காப்பி முடியும், சரிபார்ப்பு முடியாது. பழைய மெஷினில் கணக்கு மென்பொருளான டேலியைத் திறந்து டிரையல் பேலன்ஸ், ஸ்டாக் சம்மரி, பாக்கிப் பட்டியல் மூன்றையும் பிரிண்ட் எடுங்கள். புதுசிலும் எடுத்துப் பைசா சுத்தமாக ஒத்துப்பாருங்கள். "ஓப்பன் ஆகுது சார்" என்று பையன் சொன்னால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

ஓய்வூதியர், தக்கோலம்
கே: 2025-ல் தபால் ஆபீசில் 'இன்று பரிவர்த்தனை இல்லை' என்று திருப்பி அனுப்பினார்களே, மூடாமல் மாற்றத் தெரியாதா?
ப: மூடியதுதான் கெட்டிக்காரத்தனம். 'ஏபிடி 2.0' என்ற புது மென்பொருளைக் கர்நாடகத்தில் சோதித்து, வட்டம் வட்டமாக விரித்து, ஆகஸ்ட் 4-ல் நாடு முழுக்க முடித்தார்கள். 1.70 லட்சத்துக்கும் மேற்பட்ட அலுவலகங்கள்! மாறுகிற நேரத்தில் பழசில் விழும் பதிவு புதுசுக்கு வராமல் போகலாம். ரயில்வே யார்டில் சிக்னல் வேலை என்றால் லைன் பிளாக் எடுக்கிறார்களே, அதே கதைதான்.

கல்லூரி மாணவி, நெமிலி
கே: பெரிய இடங்களில் சொதப்பியது உண்டா?
ப: பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி. 2018 ஏப்ரலில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் கணக்குகளை ஒரே மூச்சில் மாற்றியது. டேட்டா பத்திரமாக வந்தது. புது அமைப்புதான் படுத்துவிட்டது. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022-ல் அபராதம் 4.865 கோடி பவுண்டு. கடைக்காரர்களே, சாயங்காலம் நாலு கவுன்ட்டரும் சேர்ந்து பில் போட்டால் உங்கள் சர்வர் தாங்குமா என்று முன்னாடியே பார்த்துவிடுங்கள்.

அச்சகத்தார், அரக்கோணம்
கே: வாடிக்கையாளர் பெயரெல்லாம் புது மெஷினில் ஆங்கில எழுத்தாகச் சிதறிக் கிடக்கிறதே?
ப: 'பாமினி'யில் அடித்தவையா? அந்த எழுத்துருவைக் கொண்டுபோய்ப் போட்டால் இன்றைக்குத் தப்பிக்கலாம். அடுத்த மாற்றத்தில் மறுபடி சிதறும். யூனிகோடுக்கு மாற்றுங்கள், தமிழக அரசே 2010-ல் அதற்கு வந்துவிட்டது. மாற்றியபின் 'ஸ்ரீ' வரும் பெயர்களைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள்.

பூக்கடைக்காரர், திருத்தணி
கே: மாற்றுவதற்கு நல்ல நாள் சொல்லுங்கள்.
ப: ஆடிக்கிருத்திகை வாரம் வேண்டாம். மாதக் கடைசி, ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யும் 11, 20 தேதிகளும் வேண்டாம். மற்றபடி ராகுகாலம் உங்கள் இஷ்டம்.

தமிழாசிரியர், திருத்தணி
கே: 1960 ஏப்ரல் 1-ல் எங்கள் ஊர் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்ததும் மைக்ரேஷன்தானே?
ப: சந்தேகமென்ன! எல்லைப் போராட்டத்தில் ம.பொ.சி. திருப்பதியையும் சேர்த்துக் கேட்டார், திருத்தணி வந்தது. அரசியலில் அது வெற்றி. சர்வர் மாற்றுகிறவர் 'பாதி வந்துருச்சு சார்' என்றால் மட்டும் கைதட்டாதீர்கள்.